பரிணாமமும் சூழலியலும் கற்பிக்க எந்தச் செயல்பாடு? வகுப்பறைக்கான ஓர் ஒப்பீடு

தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தின் பத்தாம் வகுப்பு அறிவியல் நூலில் பரிணாமத்துக்கு ஒரு தனி அலகு இருக்கிறது. உணவுச் சங்கிலி, வாழிடம், தகவமைப்பு போன்ற சூழலியல் கருத்துகள் அதற்கும் கீழுள்ள வகுப்புகளிலேயே தொடங்கிவிடுகின்றன. தேசிய அளவில் பாடநூல்களை வெளியிடும் என்.சி.இ.ஆர்.டி.யின் பத்தாம் வகுப்பு நூலிலிருந்து பரிணாமப் பகுதி நீக்கப்பட்டதையும், அதை மீண்டும் சேர்க்கக் கோரி 2023இல் ஆயிரத்துக்கும் மேற்பட்ட அறிவியலாளர்களும் ஆசிரியர்களும் கையெழுத்திட்டதையும் நினைத்துப் பார்த்தால், நம் மாணவர்களின் கையில் அந்த அலகு இன்னும் இருப்பது சிறிய பேறன்று. பதினோராம் வகுப்பில் வணிகவியல் பிரிவுக்குப் போகவிருக்கும் ஒரு மாணவிக்குப் பரிணாமத்தைப் பள்ளியில் முறையாகக் கற்கக் கிடைக்கும் கடைசி வாய்ப்பும் அதுவே.

வாய்ப்பு இருக்கிறது, நேரம்தான் இல்லை. நாற்பது மாணவர்கள், நாற்பத்தைந்து நிமிடப் பாடவேளை, தேர்வுக்கு முன் முடிக்க வேண்டிய பக்கங்கள் என்ற நெருக்கடியில், இரண்டு பாடங்களுக்கும் சேர்த்து நான்கைந்து பாடவேளைகளைச் செயல்பாட்டுக்கு ஒதுக்குவதே பெரிது. பரவலாக நடத்தப்படும் செயல்பாடுகளோ எட்டுப் பத்துக்குக் குறையாமல் இருக்கின்றன. எதைத் தேர்ந்தெடுப்பது என்று பார்க்கும்போது செலவு, நேரம், மாணவர்களின் ஆர்வம் ஆகிய மூன்றையே நாம் பெரும்பாலும் கணக்கில் கொள்கிறோம். அவற்றுக்கு முன்னால் வேறொன்றைக் கேட்க வேண்டும் என்பது என் கருத்து. ஒரு செயல்பாடு எந்தத் தவறான எண்ணத்தை அகற்றுகிறது, அதை அகற்றும் வேளையிலேயே வேறெந்தத் தவறான எண்ணத்தை நமக்குத் தெரியாமல் விதைத்துவிடுகிறது என்பதே அந்தக் கேள்வி. நன்றாகக் களைகட்டிய ஒரு விளையாட்டு தவறான கருத்தை விதைத்துவிட்டால், அதைப் பின்னர் பிடுங்குவது மிகக் கடினம். மாணவர் தம் கையால் செய்து பார்த்ததைப் புத்தகத்தின் வரியைவிட அதிகமாக நம்புவார்; நம்பவும் வேண்டும்.

காகிதப் பொட்டுகளும் பூப்போட்ட துணியும்

சூழலுக்குப் பொருந்தியவை அதிகம் பிழைத்துப் பெருகுவதே இயற்கைத் தேர்வு; அதைக் காட்டும் செயல்பாடுகளில் மிகவும் பழகியது இது. ஐந்து மாணவர் கொண்ட குழுவுக்கு ஒரு பூப்போட்ட துணியும், பஞ்சிங் மெஷினில் வெட்டிய வண்ணக் காகிதப் பொட்டுகள் நூறும் தேவைப்படும். ஐந்து நிறங்கள், நிறத்துக்கு 20. பொட்டுகளைத் துணியில் தூவிய பின், வேட்டையாடும் பறவைகளாக நிற்கும் மாணவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டு, ஒவ்வொரு முறையும் திரும்பிப் பார்த்த உடனே கண்ணில் படும் ஒரு பொட்டை மட்டும் எடுக்க வேண்டும். 75 பொட்டுகள் போனதும் வேட்டை முடிகிறது. எஞ்சிய 25 பொட்டுகளில் ஒவ்வொன்றுக்கும் அதே நிறத்தில் மூன்று குஞ்சுகளைச் சேர்த்தால் மறுபடியும் நூறு. பச்சையில் 9 பிழைத்திருந்தால் அடுத்த தலைமுறையில் பச்சை 36 ஆகிவிடும். மூன்று தலைமுறைகளுக்கு இதைச் செய்து, நிறவாரியாக அட்டவணை போட்டு, வரைபடம் வரைய வேண்டும்.

இதில் உயிர்நாடியானது இனப்பெருக்கப் படிதான். நேரம் போதாதபோது முதலில் வெட்டுப்படுவதும் அதுவே. ஒரு வேட்டையோடு நிறுத்திவிட்டால் மாணவர் கற்பது உருமறைப்பைப் பற்றி மட்டுமே. பரிணாமம் அங்கே நிகழவே இல்லை. எந்தப் பொட்டும் தன் நிறத்தை மாற்றிக்கொள்ளவில்லை, ஆனாலும் கூட்டத்தின் நிறம் மாறிவிட்டது என்ற வியப்பு இரண்டாம், மூன்றாம் தலைமுறைகளை எண்ணும்போதுதான் பிறக்கிறது. ‘சூழலுக்கு ஏற்ப உயிரினம் தன்னை மாற்றிக்கொள்கிறது’ என்று நம் விடைத்தாள்களில் ஆண்டுதோறும் எழுதப்படும் வாக்கியத்தை அசைக்க இதைவிட எளிய வழி எனக்குத் தெரியவில்லை.

இரண்டு மாற்றங்களைச் செய்தால் இச்செயல்பாடு உண்மையான சோதனையாக உயர்கிறது. முதலாவதாக, பாதிக் குழுக்களுக்கு வேறு வண்ணத் துணி தர வேண்டும். ஒரே மாதிரி தொடங்கிய இரு கூட்டங்கள் மூன்று தலைமுறைகளில் வெவ்வேறு திசைகளில் போவதை வகுப்பே பார்க்கும். இரண்டாவதாக, ஒரு குழுவின் கண்களைக் கட்டிவிட வேண்டும். தேர்வு என்பதே இல்லாத அந்தக் குழுவிலும் நிறங்களின் எண்ணிக்கை ஓரளவு ஏறி இறங்கும், ஏனென்றால் தற்செயலும் எண்ணிக்கையை மாற்றும். மற்றக் குழுக்களில் கண்ட மாற்றம் இந்தத் தற்செயல் மாற்றத்தைவிடப் பெரியதா என்று கேட்கும்போது, பத்தாம் வகுப்பு மாணவர் உண்மையான அறிவியல் வாதத்துக்குள் வந்துவிடுகிறார். இந்தக் குழுவை விட்டுவிடாதீர்கள் என்று வற்புறுத்துவேன்.

விளையாட்டு முடிந்த பின் சொல்வதற்குப் பொருத்தமான உண்மைக் கதையும் இருக்கிறது. இங்கிலாந்தின் மான்செஸ்டரில் புள்ளி அந்துப்பூச்சியின் கருநிற வகை 1848இல் பதிவானது. 1895 அளவில் அவ்வூர்ப் பூச்சிகளில் ஏறத்தாழ 98 விழுக்காடு கருநிறமாகிவிட்டன. ஆலைப் புகை குறைந்த பின் வெளிர்நிறம் மீண்டது. கண்ணில் எளிதில் படும் நிறத்தைப் பறவைகள் தின்பதே இதற்குக் காரணம் என்று காட்ட 1950களில் பெர்னார்ட் கெட்டில்வெல் செய்த ஆய்வின் முறைகள் பிற்காலத்தில் விமரிசிக்கப்பட்டன. மைக்கேல் மஜேரஸ் கேம்பிரிட்ஜில் 2001 முதல் ஆறு ஆண்டுகள் 4,864 பூச்சிகளை விட்டுப் பார்த்து, பறவைகளே தேர்வு செய்கின்றன என்பதை மீண்டும் உறுதிப்படுத்தினார். அவர் 2009இல் மறைந்த பின், அந்தத் தரவு 2012இல் வெளியானது. ஐயம் எழுந்தபோது வாதிட்டுக்கொண்டிருக்காமல் மறுபடி எண்ணிப் பார்த்த இந்த வரலாற்றை மாணவருக்குச் சொல்வது, பூச்சியின் படத்தைக் காட்டுவதைவிடப் பயன் தரும்.

குறை ஒன்று உண்டு. குஞ்சுகள் எப்போதும் தாயின் நிறத்திலேயே பிறப்பதால், புதிய மாறுபாடு எங்கிருந்து வருகிறது என்ற கேள்விக்கு இதில் இடமில்லை. இரண்டாம் தலைமுறையில் முற்றிலும் புதிய நிறத்தில் ஒரே ஒரு பொட்டைச் சேர்த்து, அது நிலைக்கிறதா, மறைகிறதா என்று பார்க்கச் சொன்னால் அந்தக் குறை பெரும்பாலும் தீரும். பொட்டுகளை முன்கூட்டியே எண்ணிச் சிறு உறைகளில் போட்டு வைத்தாலும் இரண்டு பாடவேளைகள் வேண்டும்.

அலகு விளையாட்டு

துணி கிளிப், கரண்டி, இடுக்கி, இரண்டு குச்சிகள் ஆகியவற்றைப் பறவை அலகுகளாகக் கொண்டு, பச்சைப்பயறு, கொண்டைக்கடலை, புளியங்கொட்டை ஆகியவற்றைப் பொறுக்கும் இந்த விளையாட்டு மாணவர்களிடம் பொட்டு விளையாட்டைவிட அதிக உற்சாகத்தை எழுப்பும். ஆயினும் பரிணாமத்தைக் கற்பிக்க இதை முதல் தெரிவாகக் கொள்ள நான் தயங்குவேன். கிளிப் வைத்திருக்கும் மாணவர் முதல் சுற்றில் தடுமாறுவார், மூன்றாம் சுற்றில் தேர்ந்துவிடுவார். முயன்றதால் திறன் கூடியது என்ற அனுபவம், உயிரினம் முயன்று தன் உறுப்பை மாற்றிக்கொள்கிறது என்ற அதே பழைய எண்ணத்தை வலுப்படுத்துகிறது. மேலும், கரண்டியும் இடுக்கியும் வெவ்வேறு இனங்களைப் போன்றவை. இயற்கைத் தேர்வு வேலை செய்வதோ ஒரே இனத்துக்குள் இருக்கும் சிறு வேறுபாடுகளின் மேல்.

இந்த வேறுபாட்டைக் கலாபகஸ் தீவுகளின் உண்மை நிகழ்வு தெளிவாகக் காட்டுகிறது. உயிரியலாளர்களான பீட்டர், ரோஸ்மேரி கிராண்ட் தம்பதியர் 1973 முதல் டாஃப்னி மேஜர் என்ற சிறு தீவில் குருவிகளை ஒவ்வொன்றாக வளையமிட்டு அளந்துவந்தனர். 1977இல் மழை பொய்த்தது. மென்மையான சிறு விதைகள் தீர்ந்துபோய், முள் நிறைந்த கடினமான காய்களே மிஞ்சியபோது, நடுத்தரத் தரைக்குருவிகளில் ஏறத்தாழ 85 விழுக்காடு மறைந்தன. பிழைத்தவற்றுள் தடித்த அலகுடையவையே மிகுதி. அலகின் தடிமன் பெற்றோரிடமிருந்து குஞ்சுகளுக்கு வருவதால் அடுத்த தலைமுறையின் சராசரியும் கூடியது. கூடிய அளவு ஏறத்தாழ அரை மில்லிமீட்டர்தான். 1983இன் பெருமழைக்குப் பின் சிறு விதைகள் பெருகவே, தேர்வு எதிர்த்திசையில் திரும்பியது. அந்த முள் காய்களைத் தந்த செடி நம் பள்ளி மைதானத்து நெருஞ்சியின் நெருங்கிய உறவு, ஒரே பேரினம். நெருஞ்சி முள் குத்தாத கால் கிராமத்துப் பள்ளியில் இருக்காது என்பதால், தொலைதூரத் தீவின் கதை சட்டென்று பக்கத்தில் வந்துவிடும்.

எனவே அலகு விளையாட்டை நடத்த விரும்புவோர் அதைச் சூழலியல் பாடத்துக்கு நகர்த்திவிடலாம். ஒரே இடத்தில் வெவ்வேறு இனங்கள் உணவைப் பங்கிட்டுக்கொள்வதையும், ஓர் உணவு தீர்ந்தால் போட்டி கூடுவதையும் காட்ட இது மிக நன்று. பரிணாமத்துக்கே வேண்டுமென்றால், எல்லோருக்கும் ஒரே வகைக் கிளிப்பைத் தந்து, அவற்றின் வாய் அகலத்தை மட்டும் சிறிது சிறிதாக மாற்றி, ஒவ்வொரு சுற்றிலும் கருவிகளை மாணவர்களிடையே கைமாற்றிவிட வேண்டும். அப்போது பழக்கத்தின் பயன் எந்த ஒரு கருவிக்கும் சேராது.

அட்டைகளால் ஒரு கிளை மரம்

பரிணாமப் பாடத்தை நடத்தியவர்களில் இந்தக் கேள்வி காதில் விழாத ஆசிரியர் இருக்க முடியாது: குரங்கிலிருந்து மனிதன் வந்தான் என்றால் இப்போதுள்ள குரங்குகள் ஏன் இன்னும் குரங்குகளாகவே இருக்கின்றன? பொட்டு விளையாட்டால் இதற்கு விடை தர இயலாது. எட்டு அட்டைகளால் இயலும். கெண்டை மீன், தவளை, ஓணான், முதலை, புறா, வௌவால், குரங்கு, மனிதர் ஆகிய பெயர்களை எழுதிய அட்டைகளையும், நான்கு கால் அல்லது கை கால்கள், நீர்ப்பைக்குள் வளரும் கரு, மயிரும் பாலும், இறகு என்ற பண்புகளின் அட்டவணையையும் தந்து, பகிர்ந்துகொண்ட பண்புகளின்படி கிளைகளாக அடுக்கச் சொல்ல வேண்டும். குரங்கும் மனிதரும் ஒரே கிளையின் இரு நுனிகளாக நிற்பதையும், பிரியும் இடத்தில் இருப்பது இன்றைய குரங்கன்று, இரண்டரைக் கோடி ஆண்டுகளுக்கு மேற்பட்ட பழைய பொது மூதாதை என்பதையும் மாணவரே கண்டுகொள்வார். ஏணிப்படியாக நினைத்திருந்தது மரமாக மாறும் இடம் இது.

முதலை அட்டை இந்தச் செயல்பாட்டின் சிறந்த பகுதி. பெரும்பாலான குழுக்கள் அதை ஓணானோடு வைக்கும். நான்கு அறை இதயம் முதலைக்கு உண்டு என்று பாடத்தில் படித்தவர் அதைப் புறாவோடு வைக்க முனைவார். இன்னொருவர், அப்படியானால் நமக்கும் நான்கு அறைதானே என்று மறுப்பார். இருவருமே நல்ல கேள்வியில்தான் நிற்கிறார்கள். முதலை ஓணானைவிடப் பறவைக்கே நெருங்கிய உறவு என்பது மரபணுக்களாலும் புதைபடிவங்களாலும் உறுதியானது. பாலூட்டிகளின் நான்கு அறை இதயமோ தனியாகத் தோன்றியது. ஒரே ஒரு பண்பை நம்பினால் மரம் தவறாகிவிடும் என்பதை வௌவாலின் இறக்கையும் அதே போல் உணர்த்தும். செலவு ஏதும் இல்லை, ஒரு பாடவேளை போதும், வகுப்பறையை விட்டு நகர வேண்டியதும் இல்லை. இவ்வளவு எளியதாக இருந்தும் மிகக் குறைவாகவே நடத்தப்படுவது எனக்கு வருத்தம் தருகிறது.

சூழலியலுக்கு வரும்போது

நூல்கண்டை ஒருவரிடமிருந்து ஒருவருக்கு வீசி உணவு வலை பின்னும் செயல்பாடு எல்லோரும் அறிந்தது. ஒருவர் நூலை இழுத்தால் அனைவரும் உணர்வர், ஆகவே எல்லாம் எல்லாவற்றோடும் இணைந்தவை என்று முடித்துவிடுவது வழக்கம். ஆறாம் வகுப்புக்கு அது போதும். மேல் வகுப்புகளுக்கு அது அரைகுறையானது, ஏனெனில் எல்லா இனங்களுக்கும் ஒரே எடை என்ற எண்ணத்தை அது தருகிறது. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலக் கடற்கரைப் பாறைகளிலிருந்து ஒரே ஒரு வகை நட்சத்திரமீனைச் சூழலியலாளர் ராபர்ட் பெயின் 1963 முதல் அகற்றி வந்தபோது, சிப்பிகள் பாறையை ஆக்கிரமித்து, 15 இனங்கள் வாழ்ந்த இடத்தில் 8 இனங்களே எஞ்சின. நம் நாட்டில் கால்நடைகளுக்குத் தந்த டைக்ளோஃபினாக் என்ற வலிநீக்கி மருந்தால், அவற்றின் சடலங்களைத் தின்ற பாறு கழுகுகள் பெருமளவில் அழிந்தன. வெண்முதுகுப் பாறு 1992க்கும் 2007க்கும் இடையே 99 விழுக்காட்டுக்கும் மேல் குறைந்தது. கால்நடை மருத்துவத்தில் அம்மருந்து 2006இல் தடை செய்யப்பட்டது. இந்த இரண்டையும் பேச நேரமில்லை என்றால் நூல்கண்டை மேல் வகுப்புக்கு எடுத்துச் செல்லத் தேவையில்லை.

மான்களாகவும், உணவு, நீர், மறைவிடம் ஆகியவையாகவும் மாணவர்கள் இரு வரிசைகளில் நின்று ஓடி இணையும் மைதான விளையாட்டு, இனத்தொகை ஏறி இறங்குவதை வரைபடமாகக் காட்டுகிறது. நாற்பது பேரும் ஒரே நேரத்தில் பங்கேற்கும் செயல்பாடு என்ற வகையில் இதற்கு நிகர் குறைவு. எனினும் இதில் எண்ணிக்கை எப்போதும் பழைய நிலைக்கே மீண்டுவிடும். இயற்கை அவ்வளவு பரிவானதன்று. அலாஸ்காவின் செயின்ட் மேத்யூ தீவில் 1944இல் விடப்பட்ட 29 கலைமான்கள் 1963இல் 6,000 ஆகி, 1966இல் 42 ஆகச் சரிந்ததை அந்த வரைபடத்தின் அருகிலேயே வரைந்து காட்டுவது நல்லது.

என் முதல் தெரிவு சதுரச் சட்ட ஆய்வு. நான்கு மீட்டர் கயிறும் நான்கு குச்சிகளும் இருந்தால் ஒரு சதுர மீட்டர் சட்டம் தயார். வேப்பமர நிழலில் சில சட்டங்கள், தண்ணீர்க் குழாய்க்குப் போகும் மிதிபட்ட பாதையில் சில சட்டங்கள் எனப் போட்டு, எத்தனை வகைச் செடிகள், ஒவ்வொன்றும் எத்தனை என்று எண்ண வேண்டும். சட்டத்தை வைக்கும் இடத்தைச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்ய வேண்டும். மாணவரிடம் விட்டால் பச்சை மிகுந்த இடத்தையே தேர்ந்தெடுப்பார். பெயர் தெரியாத செடிக்கு ‘செடி அ’, ‘செடி ஆ’ என்று குறியிட்டு ஓர் இலையை ஒட்டிக்கொள்வது போதுமானது. பெயர் தெரியாது என்ற தயக்கத்தால் இந்த ஆய்வைத் தவிர்க்கும் ஆசிரியர்கள் பலர். அருகம்புல், குப்பைமேனி, வெட்டுக்காயப்பூண்டு, நெருஞ்சி ஆகியவற்றை யாராவது ஒரு மாணவர் அடையாளம் காட்டிவிடுவார். மிதிபட்ட மண்ணில் தரையோடு படர்ந்தவையே தாக்குப்பிடிக்கின்றன என்பது எண்ணிக்கையிலேயே தெரியும்; நெருஞ்சிக் காய் செருப்பில் குத்தி இடம் மாறுவதையும் அங்கேயே காணலாம். நாம் நாட்டு மூலிகையாகக் கருதும் வெட்டுக்காயப்பூண்டு அமெரிக்க வெப்பமண்டலத்திலிருந்து வந்தது என்று சொன்னால், அயல் இனங்களைப் பற்றிய உரையாடல் தானாகத் தொடங்கும்.

மற்றச் செயல்பாடுகளில் விடை ஆசிரியருக்கு முன்பே தெரியும். இதில் தெரியாது. அந்த மைதானத்தை அதற்கு முன் யாரும் எண்ணியிருக்க மாட்டார்கள் என்பதே இதை மற்றவற்றுக்கு மேலே வைப்பதற்கு என் காரணம். தடைகளும் உண்மையானவை. வடகிழக்குப் பருவமழைக்குப் பிந்தைய மாதங்களில் நடத்தினால்தான் எண்ணுவதற்குச் செடிகள் இருக்கும். புதருக்குள் முதலில் பெரியவர் ஒருவர் நடந்து பார்க்க வேண்டும். பார்த்தீனியம் தோலில் ஒவ்வாமை உண்டாக்கும் என்பதால் அதைத் தொடாமல் எண்ணச் சொல்ல வேண்டும். மைதானம் முழுவதும் சிமெண்ட் போட்ட நகரப் பள்ளியில் சுற்றுச்சுவரின் வெயில் பக்கத்தையும் நிழல் பக்கத்தையும் ஒப்பிடலாம். விரிசல்களில் முளைப்பவை இரண்டு பக்கத்திலும் ஒன்றாக இருப்பதில்லை.

வெளியே போகவே வழியில்லாத பள்ளிக்குப் பிடித்துக் குறியிட்டு விடும் முறை பொருந்தும். ஒரு பையில் எண்ணப்படாத புளியங்கொட்டைகள். 40ஐ எடுத்து வெள்ளைப் புள்ளி வைத்துத் திரும்பப் போட்டுக் குலுக்கி, மறுபடி 50ஐ எடுத்தால் அவற்றில் 8 குறியிட்டவை என்று வைத்துக்கொள்வோம். 40ஐ 50ஆல் பெருக்கி 8ஆல் வகுத்தால் மொத்தம் 250. பிறகு பையைக் கொட்டி உண்மையாகவே எண்ணி, மதிப்பீடு எவ்வளவு தவறியது என்று பார்க்கலாம். காட்டில் புலிகளை எப்படி எண்ணுகிறார்கள் என்ற கேள்விக்கு இதுவே விடை. புலியின் வரிகள் பிறவிக் குறியாக இருப்பதால், தானியங்கிக் கேமராவில் முதல் முறை பதிவதே பிடித்துக் குறியிட்டதற்குச் சமம். புலி ஆய்வாளர் உல்லாஸ் காரந்த் கர்நாடகத்தின் நாகரஹொளே காட்டில் 1990களில் தொடங்கிவைத்த இவ்வழி வளர்ந்து, 2022 கணக்கெடுப்பில் இந்தியப் புலிகளின் சராசரி மதிப்பீடு 3,682 என வந்தது. அதைச் சராசரி மதிப்பீடு என்று ஏன் சொல்கிறார்கள் என்பது பையைக் கொட்டி எண்ணிய மாணவருக்கு விளக்காமலே புரியும். கணித ஆசிரியரையும் சேர்த்துக்கொண்டால் ஒரு பாடவேளையை அவரிடமிருந்து பெறலாம்.

தேர்வு

ஒரே ஒரு பாடவேளை மட்டுமே கிடைக்கும் ஆசிரியருக்கு அட்டை மரத்தையே பரிந்துரைப்பேன். பொட்டு விளையாட்டைப் பாதியில் நிறுத்துவதைவிட அது மேல். நான்கு பாடவேளைகள் இருந்தால் கண்கட்டிய குழுவோடு சேர்ந்த பொட்டு விளையாட்டுக்கு இரண்டு, மழைக்குப் பின் சதுரச் சட்டத்துக்கு இரண்டு. ஐந்தாவது கிடைத்தால் அட்டை மரம். எட்டாம் வகுப்புக்குக் கீழே என்றால் மான் விளையாட்டும் அலகு விளையாட்டும் முன்னுக்கு வரும், ஏனெனில் அந்த வயதில் போட்டியும் உணவுப் பங்கீடும் புரிந்தால் போதும்.

ஆண்டு முழுவதும் நீளும் ஒன்றை விரும்புவோருக்கு மரம் பார்த்தல் இருக்கிறது. சீசன்வாட்ச் என்ற திட்டத்தில் மாணவர்கள் ஒரு மரத்தைத் தேர்ந்து, வாரம் ஒரு முறை தளிர், பூ, காய் நிலைகளைப் பதிகின்றனர். வாரத்துக்கு ஐந்து நிமிடமே ஆவதால் காலை வணக்கத்துக்குப் பின் முடித்துவிடலாம். ஓராண்டுப் பதிவு அதிகம் பேசாது. கொன்றை இந்த ஆண்டு முன்னதாகப் பூத்ததா என்று கேட்க, முந்தைய வகுப்பின் குறிப்பேடு வேண்டும். ஆகவே குறிப்பேட்டை மாணவரிடம் கொடுத்தனுப்பாமல் பள்ளியிலேயே வைத்து, அடுத்த வகுப்புக்கு ஒப்படைக்க ஏற்பாடு செய்த பிறகே இதைத் தொடங்க வேண்டும்.

எதைத் தேர்ந்தாலும், செயல்பாட்டுக்கு முந்தைய நாளும் ஒரு வாரம் கழித்தும் ஒரே கேள்வியை எழுத்தில் கேட்டு வாங்கிவிடுவது நல்லது. பரிணாமத்துக்கு, ‘வறட்சிக்குப் பின் குருவிகளின் அலகு ஏன் தடித்தது?’ என்பது போதும். ‘கடினமான காயை உடைக்க வேண்டியிருந்ததால் தடித்தது’ என்ற விடை இரண்டாம் முறையும் வந்தால், அந்த மாணவருக்குப் பொட்டு அட்டவணையை எடுத்துக் கொடுத்து, மூன்றாம் தலைமுறையில் இருக்கும் பச்சைப் பொட்டுகளில் நிறம் மாறியது எது என்று காட்டச் சொல்ல வேண்டும்.